பழைய கதைகளில் பெண்ணும் கல்யாணமும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவள். வீட்டு வேலை, இரண்டு மாடு, புளி சீசன் வந்தா புளி தட்டி கொட்டை எடுக்கிறது, இதுதான் எனக்குத் தெரிஞ்சது. மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. "எல்லாரும் கடனையும் சேமிப்பையும் பத்தியே பேசினா கேட்கிறவங்க தூங்கிடுவாங்க. நீ நூலகத்துக்குப் போய் கதைப் புத்தகம் எடுத்துப் படிக்கிறவள், அதைப் பத்திப் பேசு" என்று எங்க ஊக்குநர் அக்கா சொல்லிட்டாங்க. அதனால் எழுதி வெச்சுப் படிக்கிறேன். தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

முதல்ல உங்க எல்லாருக்கும் தெரிஞ்ச கதையில் இருந்து ஆரம்பிக்கிறேன். "கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்" படம் 2000-ல் வந்தது. டிவியில் எத்தனையோ தடவை போட்டிருக்காங்க. பெரிய வீட்டில் ஒரு அம்மாவும் பொண்ணுங்களும் படுத்துக் கிடக்கிற தாத்தாவைப் பார்த்துக்கிட்டு இருப்பாங்க. தாத்தா போனதும் உயிலைப் பார்த்தா, சொத்து மகன் பேருக்கு. பார்த்துக்கிட்ட பொண்ணுங்களுக்கு ஒன்றும் இல்லை. பெட்டியைத் தூக்கிக்கிட்டு மெட்ராஸுக்குப் போவாங்க.

இது நம்ம ஊர்க் கதைன்னுதான் ரொம்ப நாள் நினைச்சிருந்தேன். எங்க ஊர்ப்புற நூலகத்தில் இருக்கிற அம்மாதான் சொன்னாங்க, இது இங்கிலாந்தில் 1811-ல் வந்த கதை, எழுதினவங்க ஜேன் ஆஸ்டின் என்று. அந்தக் கதை பேர் "சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி". புத்தகத்தின் மேலே அவங்க பேரைக்கூடப் போடலை. ஒரு பெண்மணி எழுதியது என்று மட்டும்தான் போட்டாங்களாம். அவங்க கல்யாணம் பண்ணிக்காமலே 41 வயசில் இறந்துட்டாங்க.

1813-ல் அவங்களோட இன்னொரு கதை வந்தது, "பிரைட் அண்ட் பிரஜுடிஸ்". அதில் ஒரு வீட்டில் ஐந்து பொண்ணுங்க, ஆண் வாரிசு இல்லை. அப்பா காலத்துக்கு அப்புறம் வீடும் நிலமும் தூரத்துச் சொந்தக்காரப் பையனுக்குப் போயிடும். அதனால் அந்த அம்மாவுக்கு ராத்திரி பகல் ஒரே கவலை, பொண்ணுங்களுக்கு மாப்பிள்ளை பிடிக்கணும். அந்தச் சொந்தக்காரப் பையனே எலிசபெத் என்கிற பொண்ணைக் கேட்கிறான். அவள் மாட்டேன் என்று சொல்லிடறாள். அவளோட சிநேகிதி சார்லட்டுக்கு 27 வயசு. கையில் பணம் இல்லை. அவள் அதே ஆளைக் கட்டிக்கிறாள். ஆசைப்பட்டு இல்லை, தலைக்கு மேல் ஒரு கூரை வேணும் என்று.

எனக்கு அந்த சார்லட் மேலே கோபம் வரலைங்க. எத்தனை பேர் வீட்டில் அதே மாதிரி நடந்திருக்கு? அவளுக்குப் போக வேற இடம் இருந்திருந்தா அந்த ஆளைக் கட்டியிருப்பாளா என்றுதான் யோசிச்சேன்.

சரி, இங்கிலாந்து எங்கேயோ இருக்குது. நம்ம தமிழில் பழைய கதைகளில் பெண்கள் எப்படி இருந்தாங்க என்று தேடிப் படிச்சேன்.

தமிழில் வந்த முதல் நாவல் "பிரதாப முதலியார் சரித்திரம்". எழுதினவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. மாயவரத்தில் முன்சீப்பாக, அதாவது நீதிபதியாக இருந்தவர். 1879-ல் புத்தகமாக வந்தது. பேர்தான் பிரதாப முதலியார், கதையில் கெட்டிக்காரி அவர் பெண்டாட்டி ஞானாம்பாள்தான். நல்லாப் படிச்சவள், புத்தி சொல்றவள், கணவனுக்கு ஆபத்து வந்தா காப்பாத்துறவள். கதையில் ஒரு இடத்தில் அவள் ஆம்பள வேஷம் போட்டுக்கிட்டுப் போறாள். விக்கிரமபுரி என்கிற ஊரில் ராஜா இல்லை. யானை யார் கழுத்தில் மாலை போடுதோ அவங்கதான் ராஜா. யானை ஞானாம்பாள் கழுத்தில் மாலையைப் போட்டுடுது. ராஜாவாக உட்கார்ந்து நல்லபடியா நியாயம் பார்த்து ஊரை ஆளுறாள்.

படிக்கும்போது எனக்கு ரொம்ப சந்தோஷமா இருந்தது. ஆனால் புத்தகத்தை மூடி வெச்ச பிறகு ஒன்று தோணுச்சு. யானைக்கு அவள் பெண் என்று தெரியாது, ஊருக்கும் தெரியாது. சேலை கட்டிக்கிட்டு நின்றிருந்தா அவளை ராஜா ஆக்கியிருப்பாங்களா? பெண்கள் படிக்கணும் என்று அந்தக் காலத்திலேயே தனியாகப் புத்தகம் எழுதினவர்தான் வேதநாயகம் பிள்ளை. அவருக்கே அவளை நாற்காலியில் உட்கார வைக்க ஒரு வேஷம் தேவைப்பட்டது.

நாம் வேஷம் போடாமல்தான் வங்கிக்குப் போறோம். நம்ம பேரில்தான் கையெழுத்துப் போடறோம். 1989-ல் தமிழ்நாட்டிலேயே முதல் முதலா சுய உதவிக் குழுக்கள் ஆரம்பிச்சது நம்ம தர்மபுரி மாவட்டத்தில்தான். ஐஃபாட் என்கிற உலக அமைப்பின் உதவியோடு தொடங்கினது. அப்போ கிருஷ்ணகிரியும் நம்ம மாவட்டத்தோடுதான் இருந்தது. வீட்டுக்காரர் வராமல் ஒரு பெண் வங்கி வாசலில் நிற்கிறதையே அன்றைக்கு வேடிக்கை பார்த்தாங்களாம். பெரிய அக்காங்க சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

அடுத்து சொல்லப் போறது என் மனசை ரொம்பப் பிடிச்ச கதை. "முத்துமீனாக்ஷி". எழுதினவர் அ. மாதவையா, திருநெல்வேலிப் பக்கம் பெருங்குளத்துக்காரர். 1903-ல் புத்தகமாக வந்தது. ஒரு பெண் தன் கதையைத் தானே சொல்ற மாதிரி எழுதியிருக்கார். சின்னப் பிள்ளையிலேயே கல்யாணம், புகுந்த வீட்டில் மாமியார் கொடுமை, விவரம் தெரியறதுக்குள்ளே புருஷன் செத்துப் போறான். இத்தனைக்கும் பிறகு, சின்ன வயசிலிருந்து தெரிஞ்ச, தன்னை மதிக்கிற ஒருத்தரை மறுமணம் பண்ணிக்கிறாள். அந்தக் காலத்தில் ஒரு பிராமணக் குடும்பத்துப் பெண்ணுக்கு இப்படிக் கதை எழுதினா ஊர் சும்மா விடுமா?

இந்தப் புத்தகத்தை நான் தனியாகப் படிக்கலை. போன புளி சீசனில் எங்க வாசலில் புளியைக் குவிச்சுப் போட்டுத் தட்டிக்கிட்டு இருந்தோம். நான், எங்க மாமியார், பக்கத்து வீட்டு அக்காங்க ரெண்டு பேர். கையெல்லாம் பிசுபிசுன்னு புளி, புத்தகத்தைத் தொட முடியாது. என் பொண்ணு ப்ளஸ் ஒன் படிக்கிறாள். அவள்தான் எங்களுக்குப் படிச்சுக் காட்டினாள். பழைய தமிழ், அதிலும் அவங்க வீட்டுப் பேச்சு. புரியாத இடத்தில் நிறுத்தி விளக்கம் சொல்லுவாள்.

மாமியார் கொடுமை வர்ற இடத்தில் எங்க மாமியார் கையை நிறுத்திட்டு, "ஏம்மா, நான் உன்னை இப்படியா வெச்சிருந்தேன்?" என்று கேட்டாங்க. எல்லாரும் சிரிச்சுட்டோம். "இந்த அளவுக்கு இல்லை அத்தை" என்று நான் சொன்னேன். அவங்களும் சிரிச்சாங்க.

கொஞ்ச நேரம் கழிச்சு அவங்களாகவே பேச ஆரம்பிச்சாங்க. அவங்களுக்குக் கல்யாணம் ஆகும்போது 13 வயசாம். மஞ்சள் பூசி உட்கார வைக்கிற வரைக்கும் யாருக்குக் கல்யாணம் என்றே தெரியாதாம். தெரிஞ்சதும் ஓடிப்போய் மாட்டுக் கொட்டாயில் வைக்கோலுக்குப் பின்னாடி ஒளிஞ்சிக்கிட்டாங்களாம். தேடிப் பிடிச்சு, இரண்டு அடி போட்டு, மணையில் உட்கார வெச்சாங்களாம். "அந்தப் புள்ள கதையைக் கேட்டதும் ஞாபகம் வந்துடுச்சு" என்று சொன்னாங்க. நான் அந்த வீட்டுக்கு வந்து 19 வருஷம் ஆகுது. ஒரு நாளும் இதை அவங்க சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை.

என் கதை மட்டும் என்ன? பத்தாவதில் நல்ல மார்க் எடுத்தேன். ப்ளஸ் ஒன் சேர விண்ணப்பம்கூட வாங்கி வெச்சிருந்தேன். நல்ல இடம், விட்டா கிடைக்காது என்று சொன்னாங்க. 17 வயசில் கல்யாணம். அப்போ மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பேரில் அரசாங்கம் திருமண உதவி கொடுத்துக்கிட்டு இருந்தது. எனக்கு 18 ஆகலை, அதனால் விண்ணப்பமே போட முடியலை. அந்தப் பணம் போனதில் எங்க அப்பாவுக்கு வருத்தம். எனக்கு அந்த ப்ளஸ் ஒன் விண்ணப்பம் வீணாப் போனதில்தான் வருத்தம்.

அந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் யார் என்று இப்போதான் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். திட்டத்தின் பேராக மட்டும்தான் நமக்கு அவங்களைத் தெரியும். அவங்க 1883-ல் பிறந்தவங்க. தேவதாசி வீட்டில் வளர்க்கப்பட்டவங்க. தன் விருப்பப்படி ஒருத்தரைக் கல்யாணம் பண்ணிக்கிட்டு, அந்தப் பழக்கத்தையே ஒழிக்கணும் என்று ஊர் ஊராகப் போராடினாங்க. 1936-ல் "தாசிகள் மோசவலை" என்று ஒரு நாவலும் எழுதினாங்க. 1989-ல் அவங்க பேரில் தொடங்கின திருமண உதவித் திட்டம், 2022-ல் புதுமைப் பெண் திட்டமாக மாறிடுச்சு. அரசுப் பள்ளியில் ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை படிச்ச பொண்ணு கல்லூரிக்குப் போனால் மாசம் 1000 ரூபாய். கல்யாணத்துக்குக் கொடுத்த பணம் படிப்புக்கு மாறியிருக்கு. அந்த அம்மையார் இருந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பாங்க என்று நினைக்கிறேன்.

நாமும் எழுதலாம், பேசலாம் என்று எனக்குத் தைரியம் கொடுத்தவங்க வை.மு. கோதைநாயகி அம்மாள். 1901-ல் பிறந்தாங்க. ஆறு வயசு முடியறதுக்குள்ளே கல்யாணம். பள்ளிக்கூடம் போனதில்லை. கல்யாணத்துக்குப் பிறகுதான் புகுந்த வீட்டில் தமிழ் படிச்சாங்க. வீட்டுக்காரர் அவங்களை நாடகம் பார்க்கக் கூட்டிக்கிட்டுப் போவாராம். பக்கத்தில் இருக்கிற பிள்ளைகளுக்கு வாயால் கதை சொல்லிச் சொல்லியே ஒரு நாடகம் தோணிடுச்சு. ஆனால் எழுத வராது. அவங்க சொல்லச் சொல்ல, பட்டம்மாள் என்கிற சிநேகிதி எழுதினாங்க. அதுதான் "இந்திர மோகனா". அதுக்குப் பிறகு தானே எழுதக் கத்துக்கிட்டு 115 நாவல் எழுதினாங்க. "ஜகன்மோகினி" என்று ஒரு பத்திரிகையை 1925-ல் எடுத்துப் பல வருஷம் நடத்தினாங்க. சுதந்திரப் போராட்டத்தில் ஜெயிலுக்கும் போனாங்க.

பட்டம்மாள் எழுதினாங்க என்று படிச்சதும் எனக்கு நம்ம குழுவோட முதல் கூட்டம் ஞாபகம் வந்தது. 14 பேரில் ஒன்பது பேர் கைநாட்டு. அவங்க சொல்லச் சொல்ல நான்தான் தீர்மான நோட்டில் எழுதினேன். இன்றைக்கு அந்த ஒன்பது பேரில் ஏழு பேர் கையெழுத்துப் போடறாங்க. கோதைநாயகி அம்மாளுக்கு ஒரு பட்டம்மாள் கிடைச்ச மாதிரி, ஒருத்தருக்கு ஒருத்தர் கிடைச்சாப் போதும்ங்க.

இன்னொருத்தங்க ராஜம் கிருஷ்ணன். 1925-ல் முசிறியில் பிறந்து, 15 வயசில் கல்யாணம் ஆனவங்க. தூத்துக்குடிக்குப் போய் உப்பளத்துப் பெண்களைப் பார்த்துப் பேசி "கரிப்பு மணிகள்" எழுதினாங்க. பெண் சிசுக் கொலையைப் பத்தி "மண்ணகத்துப் பூந்துளிகள்" எழுதினாங்க. நம்ம மாவட்டத்துக்கும் அந்தக் கெட்ட பேர் இருந்தது. அது நமக்குத் தெரியும், மறைக்க ஒன்றும் இல்லை. பொண்ணு பிறந்தா கல்யாணச் செலவு, சீர் செலவு என்கிற பயம்தான் அந்தக் கொடுமைக்கு முக்கியமான காரணம். அப்படிப் பார்த்தா கல்யாணம் என்கிற கணக்கு, பிள்ளை பிறந்த அன்றைக்கே ஆரம்பிச்சிடுது.

ராஜம் கிருஷ்ணன் அம்மா 1973-ல் சாகித்திய அகாதமி பரிசு வாங்கினவங்க. கணவர் இறந்த பிறகு கையில் இருந்ததை எல்லாம் இழந்து, கடைசிக் காலத்தில் ஆதரவற்றவங்க இல்லத்தில் இருந்தாங்க. 2014-ல் இறந்தாங்க. பெண்களுக்காக இத்தனை எழுதினவங்களுக்கே இப்படி ஒரு முடிவு. அதனால்தான் சொல்றேன், பாஸ்புக் எங்கே இருக்கு, அதில் எவ்வளவு இருக்கு, வீட்டுப் பத்திரம் யார் பேரில் இருக்கு என்று நமக்குத் தெரிஞ்சிருக்கணும். வீட்டு ஆளுங்க மேலே நம்பிக்கை இல்லை என்று அர்த்தம் இல்லை. தெரிஞ்சு வெச்சிருக்கணும், அவ்வளவுதான்.

சொத்து விஷயத்தில் அந்த இங்கிலாந்துக் கதைப் பொண்ணுங்களைவிட நமக்கு இன்றைக்குச் சட்டம் துணையா இருக்கு. 1989-ல் தமிழ்நாட்டில் இந்துக் குடும்பத்துப் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலப் பங்கு என்று சட்டம் வந்தது. ஆனால் அதுக்கு முன்னாடியே கல்யாணம் ஆன பொண்ணுங்களுக்குக் கிடையாது என்று இருந்தது. கல்யாணம் ஆயிட்டா அவள் வேற வீட்டுக்காரி என்கிற பழைய எண்ணம்தான். 2005-ல் மத்திய அரசு சட்டம் வந்தது, கல்யாணம் ஆனவங்களுக்கும் உரிமை உண்டு. அப்பா உயிரோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிறப்பால் வர்ற உரிமை இது என்று 2020-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிடுச்சு. சட்டம் இருந்தும் நம்மில் எத்தனை பேர் அண்ணன் தம்பி உறவு கெட்டுப் போகுமே என்று பயந்து, என்ன ஏது என்று படிக்காமலே விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கோம்? விட்டுக் கொடுக்கிறது அவங்கவங்க இஷ்டம். ஆனால் என்னத்தை விட்டுக் கொடுக்கிறோம் என்று படிச்சுப் பார்த்துட்டுக் கொடுங்க.

இப்போ நான் ஏன் இந்தக் கதையெல்லாம் சொன்னேன் என்பதைச் சொல்லிடறேன்.

போன சித்திரையில் எங்க நாத்தனார் வீட்டிலிருந்து என் பொண்ணைக் கேட்டு வந்தாங்க. முறைப் பையன்தான். ஓசூரில் கம்பெனி வேலை. குடிப்பழக்கம் இல்லை, நல்ல பையன். அவன் மேலே நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். இப்பவே கல்யாணம் வேண்டாம், பரிசம் மட்டும் போட்டு வெச்சிடலாம் என்றாங்க. என் பொண்ணுக்கு 16 வயசு. நர்சிங் படிக்கணும் என்று சொல்லிக்கிட்டு இருக்கிறாள். பரிசம் போட்டாச்சுன்னா அந்தப் புள்ள மனசு படிப்பில் நிற்குமா? அப்புறம் அந்த வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை, கண்ணை மூடறதுக்குள்ளே பார்க்கணும் என்பாங்க. 17-லேயே முடிச்சிடுவாங்க. என் கல்யாணமும் பரிசத்தில் ஆரம்பிச்சதுதான்.

அன்றைக்கு நான் வாயைத் திறக்கலை. காபி போட்டுக் கொடுத்துட்டு அடுப்படியிலேயே நின்றேன். என் வீட்டுக்காரரும் ஒன்றும் சொல்லலை. எங்க மாமியார்தான், "பன்னெண்டாவது முடியட்டும், அப்புறம் பேசிக்கலாம்" என்றாங்க. கேட்டு வந்தது அவங்க பெத்த பொண்ணு, அந்தப் பையன் அவங்களுக்குப் பேரன். அவங்க நினைச்சிருந்தா சரின்னு சொல்லியிருக்கலாம். வைக்கோலுக்குப் பின்னாடி ஒளிஞ்சது அவங்களுக்கு ஞாபகம் வந்திருக்கும் போல. நான் கேட்டுக்கலை.

ஆனால் பன்னெண்டாவது முடிய இன்னும் ஒரு வருஷம்கூட இல்லை. மறுபடியும் கேட்டு வருவாங்க. அப்போ நான் அடுப்படியில் நிற்கக் கூடாது. அதனால்தான் இத்தனை பேர் முன்னாடி சொல்றேன். என் பொண்ணு நர்சிங் படிச்சு முடிக்கிற வரைக்கும் அவளுக்குக் கல்யாணப் பேச்சு இல்லை. அதுக்குப் பிறகு அந்தப் பையனோ வேற பையனோ, அவள் சரி என்று சொன்னால்தான். என் நாத்தனாரும் ஒரு குழுவில் உறுப்பினர்தான், இந்த மலர் அவங்க கைக்கும் போகும். போன வாரமே நேரில் போய் இதையே சொல்லிட்டேன். முகம் கொடுத்துப் பேசலை, அது இருக்கட்டும், நாளாக ஆகச் சரியாகும். என் வீட்டுக்காரர் வெளியே வண்டிகிட்டதான் நிற்கிறார். மைக் சத்தம் அவருக்கும் கேட்கும்.

கடைசியா ஒரே ஒரு வேண்டுகோள். நம்ம ஒவ்வொரு குழுவிலும் வீட்டில் பெண் பிள்ளை இருக்கிறவங்க, பதினெட்டுக்கு முன்னாடி கல்யாணமும் இல்லை, பரிசமும் இல்லை என்று தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடணும். கடனுக்குத் தவணை கட்டலைன்னா வீடு தேடிப் போய்க் கேட்கிறோமே, அதே மாதிரி இதுக்கும் போய்க் கேட்கணும். நம்ம பேச்சுக்கு மசியலைன்னா 1098 இருக்குது. யார் சொன்னாங்க என்று வெளியே சொல்ல மாட்டாங்க. எங்க குழு நோட்டில் முதல் கையெழுத்து என்னுது. நாளைக்கு நான் மாறிப் பேசினா, நீங்க என் வீட்டு வாசலுக்கு வந்து கேளுங்க.

படிச்ச கதைகளில் பாதிக்கு மேலே கல்யாணத்தோடு முடிஞ்சிடுது. மாலை மாத்திட்டா சுபம். நமக்கு அதுக்கப்புறம்தான் பாத்திரம் விளக்கவே ஆரம்பிக்கிறோம். அதனால் நம்ம பிள்ளைங்க கதையில் கல்யாணம் கொஞ்சம் தாமதமா வரட்டும். அதுக்கு முன்னாடி இன்னும் இரண்டு மூணு அத்தியாயம் இருக்கட்டும்.